சாய்ஸ் எக்ஸ்பெரிமென்ட் (கார்டில் சில மாற்றுகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆய்வு) டிசைன்: இன்னும் மண்டையைக் குடையும் சம்பவம் எது?

கடைசிவரிசை:
பைலட்டுக்கு, அதாவது சிறிய முன்னோட்ட ஆய்வுக்கு, நானும் கூடப் போயிருந்தேன். பிரையர் (கட்டணம், நேரம் போன்ற ஒவ்வொன்றும் தேர்வை எவ்வளவு பாதிக்கும் என்று முன்கூட்டியே வைக்கும் ஊகம்) எல்லாம் பூஜ்யம், டி-எரர் (டிசைனின் துல்லியத்தைச் சொல்லும் அளவு, குறைந்தால் நல்லது) நன்றாக இறங்கியிருந்தது, யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கார்டை நீட்டினால், முதல் பேருந்தில் கட்டணமும் குறைவு, நேரமும் குறைவு, உட்கார இடமும் உண்டு. இரண்டாவதில் மூன்றுமே மோசம். அந்த அம்மா கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றார். அப்புறம் வந்த கார்டுகளை அவர் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் "முதலாவது" தான்.

குறிஞ்சி:
கார்டுகளை உருவாக்கியது என்ஜீன் மென்பொருள்தானே? ஆல்ட்ஸ் வரியில் மாற்றுகளின் பெயரோடு நட்சத்திரக் குறி போட்டால் அந்த மாதிரிக் கார்டை அதுவே தவிர்க்கும். ஆனால் பிரையர் பூஜ்யம் என்றால், கட்டணம் கூடுவது நல்லதா கெட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? மைனஸ் 0.0001 என்றாவது கொடுக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் எஸ்-எஸ்டிமேட் லட்சக்கணக்கில் வந்து நின்றது. "இத்தனை பேருக்கு எங்கே போவது?" என்று கைடு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்தக் கணக்கில் பிரையரின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள், பிரையர் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் எண் எகிறத்தான் செய்யும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பழையபேனா:
இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் ஆர்த்தோகனல் டிசைன் (கட்டணம், நேரம் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மாறுவது) போதும் என்கிறேன்.

கடைசிவரிசை:
அதில் மட்டும் அந்தக் கார்டு வராதா? வரும். கையால் எடுத்துப் போட்டால் ஆர்த்தோகனலும் போச்சு.

இரவுக்காவல்:
என்ஜீனை இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், திரை முழுக்க "அன்டிஃபைன்ட்", டி-எரரைக் கணக்கிடவே முடியவில்லை என்று. அவ்வளவுதான் என் கதை.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பாராமீட்டர்களை, அதாவது மாடலில் மதிப்பிட வேண்டிய எண்களை, எண்ணுங்கள். ஒரு கார்டில் உள்ள மாற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, கார்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பாராமீட்டர்கள் அதைத் தாண்டக் கூடாது. சில சேர்க்கைகள் வேண்டாம் என்று என்ஜீனில் ரிஜெக்ட் எழுதினால், டிசைனைத் தேடும் வழி மாடிஃபைட் ஃபெடொரோவ்தான், ஸ்வாப்பிங் என்ற இன்னொரு வழியில் அது நடக்காது. ஃபெடொரோவ் லெவல்களை (கட்டணமோ நேரமோ எடுக்கும் மதிப்புகளை) சமமாக வைக்காது, ஒவ்வொன்றும் எத்தனை முறை வரலாம் என்று நீங்கள்தான் வரம்பு கட்ட வேண்டும். அடுத்தவர் ஆய்விலிருந்து பிரையர் எடுத்தால் அலகைப் பாருங்கள். அவர் நேரத்தை மணியில் வைத்திருப்பார், நீங்கள் நிமிடத்தில் வைத்திருப்பீர்கள். அப்படியே போட்டால் எல்லாக் கார்டிலும் நிகழ்தகவு 0.99-க்கு 0.01 என்று நிற்கும், அந்தப் பதில்களிலிருந்து ஒன்றும் தெரியாது. பைலட் முடிந்ததும் அதன் மதிப்பீட்டையும், அதன் நிச்சயமின்மையைக் காட்டும் ஸ்டாண்டர்ட் எரரையும் சேர்த்து பேய்ஸியன் பிரையராக, அதாவது ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு பரவலாக, கொடுங்கள். வேறொருவரின் டி-எரரோடு உங்களுடையதை ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள், அலகும் பிரையரும் மாறினால் அதுவும் மாறும்.

குறிஞ்சி:
எல்லாம் சரி, அன்டிஃபைன்ட் ஏன் வந்தது என்று சொல்லவே இல்லையே?

இரவுக்காவல்:
மூன்று மாற்றுகளுக்கும் கான்ஸ்டன்ட் (அந்த மாற்றுக்கென்றே தனியாக வைக்கும் எண்) போட்டிருந்தார்கள், ஒன்றுக்காவது விட்டிருக்க வேண்டும். எழுதியவர் அன்றைக்கு விடுப்பு.