சாமியானாவும் பெவிலியனும் ஒரே வாக்கியத்தில்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மதுரை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

சொல்லாக்க மடற்குழுவினருக்கு வணக்கம். ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக் கண்காட்சிக்கு விளக்கப் பலகைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி பகல் அச்சுக்குப் போகவேண்டும். பதினொரு பலகை முடிந்துவிட்டது, பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

லண்டன் கென்சிங்டன் பூங்காவில் சர்ப்பன்டைன் கலைக்கூடம் 2000 முதல், ஓரிரு ஆண்டுகள் தவிர, கோடைதோறும் ஒரு கட்டடக் கலைஞரை அழைத்து ஒரு 'பெவிலியன்' எழுப்புகிறது. முதலாவது ஸஹா ஹதீதுடையது. 2025இல் வங்கதேசத்தின் மரீனா தபசும். வளைந்த மர விலாக்கள், ஒளி கசியும் உறை, நான்கு கூறுகள். அவற்றில் ஒன்று நகர்ந்து அடுத்ததோடு சேரும். நடு முற்றத்தில் ஒரு ஜிங்கோ மரம். இத்தனைக்கும் கரு, நம் பக்கத்துச் சாமியானா.

சிக்கல் இங்கேதான். பெவிலியனைப் பந்தல் என்று எழுதினால், பலகையின் முதல் வரியே 'பந்தலைப் பார்த்துப் போட்ட பந்தல்' என்று ஆகிறது. இந்த வகை மரக் கட்டுமானத்துக்கு, சுற்றுச்சூழலுக்கு அதிகம் கேடு செய்யாதது என்ற பொருளில், 'லோ இம்பேக்ட்' என்று ஓர் அடைமொழி வேறு. 'குறைந்த தாக்கம் கொண்ட' என்று எழுதிப் பார்த்தேன். வலுவிழந்த புயல் கரையைக் கடந்ததுபோல் இருக்கிறது.

தஞ்சைப் புலவர், செவ்வாய் பகல்

அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: காவணம். சோழர் கல்வெட்டுகளில் திருக்காவணம் வருகிறது. பேரகராதியும் பந்தல் என்றே பொருள் தருகிறது. கா என்றால் சோலை, சோலையில் நிற்பது காவணம். பூங்காவில் நிற்பதற்கு வேறென்ன வேண்டும்? மண்டபம் வேண்டாம். வடசொல், அதோடு கல்லின் கனம் அதில் ஏறிவிட்டது.

பெவிலியன் என்பது பட்டாம்பூச்சியைக் குறிக்கும் இலத்தீன் 'பாப்பிலியோ'விலிருந்து வந்தது என்பார்கள். விரித்த கூடாரம் சிறகுபோல் இருந்ததாம். எனக்கு ஐயம் உண்டு. நெசவில் 'பாவு' என்கிறோமே, பாவுதல் என்றால் பரப்புதல். துணியைப் பாவினால் கூடாரம். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர், செவ்வாய் பகல்

மாலையில் வேண்டாம் ஐயா. 'பாவு' பற்றிய மடல் இழை தனியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தவர் (இப்போது டொராண்டோ), செவ்வாய் இரவு

புலவர் ஐயாவின் 'கா' இன்னொரு வழியும் போகும். தோளில் சுமக்கும் தண்டுக்கும் கா என்றுதான் பெயர், காவடியில் இருப்பது அதுவே. புறநானூற்றில் ஔவையார் 'காவினெம் கலனே. சுருக்கினெம் கலப்பை' என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார். எங்கள் பக்கத்தில் அரிசி மூட்டையை இன்றும் காவிக்கொண்டுதான் போவோம். ஆகவே காவணம் என்பது காவிக்கொண்டு போய் வேறிடத்தில் நாட்டத்தக்கது. கழற்றி மாட்டும் பெவிலியனுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

தபசுமின் இன்னொரு வேலையையும் பாருங்கள். வெள்ளம் வந்தால் இடம் மாறவேண்டிய ஆற்றுத்திட்டு மக்களுக்கு மூங்கிலும் எஃகு இணைப்புமாக அவர் வடிவமைத்த 'குதி பாரி'. பிரித்தெடுத்துக்கொண்டு போய் அடுத்த மேட்டில் நிறுத்திக்கொள்ளலாம். வங்காளத்தில் அதற்குச் சின்ன வீடு என்று பொருள். அக்கா, பலகையில் அதை மட்டும் நேராக மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

சென்னை நாளிதழ்த் துணையாசிரியர், செவ்வாய் இரவு

'வணம்' எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. சோலையும் தண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்க முடியாது. போகட்டும், பெவிலியனே ஏன் ஆகாது? 'ரன் எடுக்காமல் பெவிலியன் திரும்பினார்' என்று ஆண்டுக்கணக்கில் எழுதுகிறோம். ஒரு வாசகர்கூட விளக்கம் கேட்டதில்லை.

தஞ்சைப் புலவர், புதன் காலை

அதனால்தான் ஆகாது என்கிறேன் தம்பி. ஆட்டமிழந்தவர் போய் உட்காரும் இடம் அது.

கோவைக் கட்டடப் பொறியாளர், புதன் காலை

எனக்கு இலக்கணம் தெரியாது. பொருளைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பாருங்கள்.

பூங்காவில் கட்டடம் மண்ணை முதலில் காயப்படுத்துவது வானத்தில். கடைக்கால் குழியைக் கொத்தனார்கள் வானம் என்பார்கள். 'வானம் தோண்டியாகிவிட்டதா' என்று நான் பஸ்ஸில் போனில் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள் இருக்கிறது. அங்கே வானம் தோண்டிக் காங்கிரீட் ஊற்றினால் அந்த வருடம் ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளை காயத் தொடங்கும், அப்போது பூச்சி என்பார்கள். பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப்போல் 12 மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம். ஒன்றரையடி விட்டமுள்ள மரத்துக்கு 18 அடி. அதற்குள் கை வைப்பதானால் தக்க காரணம் வேண்டும்.

வானத்துக்குப் பதிலாக எஃகுத் திருகு முளைகளை முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் மரச்சட்டத்தை நிறுத்தலாம். பருவம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் முறுக்கினால் வெளியே வந்துவிடும். சட்டங்களை போல்ட் போட்டு இணைத்தால் மரம் சிதையாமல் திரும்பக் கிடைக்கும். என் சொல்: வானம் தோண்டாப் பந்தல்.

சாமியானாவைத் தமிழாக்க வேண்டாம். எங்கள் தெருமுனைக் கடையில் 'சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு' என்றுதான் பலகை. கடைக்காரர் அது சாமி ஊர்வலத்திலிருந்து வந்த பெயர் என்று நம்புகிறார்.

சென்னைத் துணையாசிரியர், புதன் பகல்

வானம் தோண்டாப் பந்தலா? வாசகர் அண்ணாந்து பார்ப்பார்.

மதுரை மொழிபெயர்ப்பாளர், புதன் மாலை

பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. உங்கள் மடலைப் படித்ததும் என் பாட்டி நினைவுக்கு வந்தார். மெல்ல நடக்கும் பெண்ணை 'மண் நோகாமல் நடக்கிறாள்' என்பார். 'மண்நோகா மரப்பந்தல்' என்று வைத்துக்கொண்டால் என்ன? சாமியானாவை அப்படியே விட்டுவிட்டால் முதல் வரியும் பிழைத்துவிடும்.

தஞ்சைப் புலவர், புதன் இரவு

உவமை நன்று, புணர்ச்சி பிழை. கண் முன் நீர் வந்தால் கண்ணீர், தண் முன் நீர் வந்தால் தண்ணீர். மண் முன் நோகா வந்தால் மண்ணோகா. 'ணளமுன் டணவும்' என்று நன்னூலார் விதித்திருக்கிறார். மண்நோகா என்று எழுதுவதானால் இனித் தண்நீர் குடியுங்கள்.

யாழ்ப்பாணத்தவர், புதன் இரவு

மண்ணோகா என்றால் யாருக்கும் புரியாது ஐயா. ஏதோ ஜப்பானிய ஊர் என்று நினைப்பார்கள்.

திருச்சி ஆர்வலர், வியாழன் காலை

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காததைக் கேட்கிறேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். அந்த மரம் மட்காமல் எரியாமல் எத்தனை ஆண்டு நிற்கிறதோ, அத்தனை ஆண்டு அந்தக் கரிமம் உள்ளே பூட்டிக் கிடக்கும். ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும் கட்டடம் அது. பிறகு விற்றுவிடுகிறார்கள். லாரியில் ஏறிப் போய் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதும் சேர்ந்ததுதான் 'இம்பேக்ட்'. மண்நோகா என்பது வேரைப் பார்க்கிறது, லாரியைப் பார்க்கவில்லை. மண் நோகாமல் காற்று நொந்தால் என்ன பெயர் வைப்பீர்கள்?

கோவைக் கட்டடப் பொறியாளர், வியாழன் பகல்

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் சொல் இல்லை.

தஞ்சைப் புலவர், வியாழன் பகல்

திருச்சித் தம்பியின் கேள்விக்கும் காவணமே விடை. இடம்விட்டு இடம் காவிப் பல்லாண்டு பயன்படுத்தினால் காற்றும் நோகாது. (டொராண்டோ அன்பரின் கா-வை ஒத்துக்கொண்டதாகக் கருதவேண்டாம். சோலைதான்.)

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

கருத்துச் சொன்னவர்கள் பதினாறு பேர். மண்நோகா மரப்பந்தல் 9, காவணம் 4, பெவிலியன் 3. வானம் தோண்டாப் பந்தலுக்கு முன்மொழிந்தவரே வாக்களிக்கவில்லை. ஒன்பது பேரில் மூவர் 'தூக்கம் வருகிறது' என்றும் எழுதியிருக்கிறார்கள். அக்கா, நாளை பகலுக்குள் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

பலகை தொங்கிவிட்டது. மெய்ப்பில் சரியாகத்தான் அனுப்பினேன். அச்சகத்தில் யார் கை பட்டதோ, மூன்றடி உயர எழுத்தில் 'மண்நோக மரப்பந்தல்' என்று நிற்கிறது. ஒரு துணைக்கால் போய்விட்டது. முதல்நாளே ஒரு மாணவி படமெடுத்து, 'அம்மா, பந்தலுக்கு ஒரு கால் குறைகிறது' என்று அனுப்பியிருக்கிறாள். இன்று மாலை ஏணி போட்டு ஒரு காலை ஒட்டப் போகிறோம்.

தஞ்சைப் புலவர், திங்கள் காலை

காவணம் என்று எழுதியிருந்தால் இந்த அவலம் நேர்ந்திருக்காது.

யாழ்ப்பாணத்தவர், திங்கள் பகல்

அதிலும் ஒரு கால் இருக்கிறது ஐயா. போனால் கவணம். கல்லெறியலாம்.

கோவைக் கட்டடப் பொறியாளர், திங்கள் மாலை

கால் ஒட்டும்போது நல்ல பசையாகப் பார்த்து வாங்குங்கள் அம்மா. பசை என்றதும் இன்னொன்று. மெல்லிய பலகைகளை அடுக்கிப் பசையிட்டு அழுத்தி வளைத்துச் செய்யும் உத்தரத்துக்கு, 'குளூலாம்' என்கிறார்களே, தமிழில் என்ன? நான் ஒட்டுமரம் என்று சொல்லிப் பார்த்தேன். மேஸ்திரி 'மாவா, கொய்யாவா' என்று கேட்கிறார்.