பாய்லரை மாற்றுவதா, ஹீட் பம்புக்குப் போவதா?

கேள்வி

வணக்கம். லண்டன் ஹாரோவில், ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய 1930களின் மூன்று படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் குளிர்காலத்தில் பகல் முழுவதும் வீடு சூடாக இருக்க வேண்டும். பதினேழு வருடம் உழைத்த எங்கள் காம்பி பாய்லர் (வீட்டையும் குழாய் நீரையும் சேர்த்தே சூடாக்கும் எரிவாயுச் சாதனம்) சென்ற மாதம் இருமுறை நின்றுவிட்டது. புதிய கேஸ் பாய்லரே போதுமா, அல்லது அரசு தரும் 7,500 பவுண்டு மானியத்தில் ஹீட் பம்ப் பொருத்தலாமா? மாதச் செலவு கூடிவிடுமோ என்பதே என் கவலை.

பதில் 1

உங்கள் கவலை நியாயமானது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நல்ல பாய்லர் எரிவாயுவில் 90 சதவீதம் அளவுக்கு வெப்பமாக்கும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டு வருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பமும், நன்றாக வடிவமைத்தால் நான்கு வரையிலும் தரும். ஆகவே இந்த வெப்ப அளவின் ஆண்டுச் சராசரி, நான்கில் 90 சதவீதமான 3.6ஐத் தொட்டால்தான் செலவு சமமாகும். சமையலையும் மின்னடுப்புக்கு மாற்றி எரிவாயு இணைப்பையே துண்டித்தால் அதன் அன்றாட நிலைக்கட்டணம் மிச்சமாகும். இண்டக்‌ஷனில் தோசை வார்க்கப் பழகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

பதில் 2

அந்த 3.6 கிடைக்குமா என்பதை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலைதான் தீர்மானிக்கும். பாய்லரில் அதைப் பெரும்பாலும் 65, 70 பாகையில் வைத்திருப்பார்கள். ஹீட் பம்புக்கு 45 அல்லது அதற்கும் கீழே இருப்பது நல்லது. எனவே கடுங்குளிர் நாளொன்றில், உங்கள் பாய்லரின் வெப்பமூட்டும் நீரை 50க்கு இறக்கி, நாள் முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். அம்மாவின் அறை 21 பாகையில் நின்றால் வீடு ஏறக்குறைய தயார். நில்லாத அறைக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டை மாற்றினோம். இப்போது தொட்டால் கை சுடுவதில்லை, ஆனால் விடியற்காலையிலும் அறை குளிர்வதில்லை. ஒவ்வொரு அறையின் வெப்ப இழப்பையும் தனித்தனியே அளக்காமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஹீட் பம்புக்குச் சுடுநீரைச் சேமிக்கும் சிலிண்டரும் வேண்டும்; அதற்கும் இடம் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பழைய சிலிண்டர் இருந்த மாடி அலமாரியில் இப்போது போர்வைகள்தாம் இருக்கின்றன. இன்றிரவே 50க்கு இறக்கிவிட்டு, அம்மாவின் அறையில் வெப்பமானி வைக்கிறேன்.