கானா அறுவை மருத்துவருக்கு லேப்ராஸ்கோபிப் பயிற்சி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கானாவில் குமாசி நகரில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் அறுவை மருத்துவர் நல்ல கைராசிக்காரர். ஆனால் குடல்வால், பித்தப்பை எல்லாமே வயிற்றைத் திறந்துதான். சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவைக்கான கருவி வந்து இறங்கிவிட்டது, கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ருவாண்டாவின் கிகாலியில் இந்த அறுவைக்குப் பயிற்சி தரும், 2023இல் திறந்த இர்காட் மையம் இருக்கிறது. ஆனால் எங்கள் அறுவை மருத்துவருக்கு வேண்டியதோ, மூத்தவர் பக்கத்தில் நிற்க, மூன்று மாதமாவது தானே செய்து கைபழகுவது. வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பினால் பயனில்லை.

கோவை, சென்னைப் பக்கம் வெளிநாட்டு மருத்துவரை அப்படிச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை எது? தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி கிடைக்க எத்தனை நாள் ஆகிறது?

இன்னொன்று: இந்த அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு உருளைக்கு இங்கே அடிக்கடி தட்டுப்பாடு. வாயு செலுத்தாமல், வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்துச் செய்யும் முறையைக் கற்றுத்தருபவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.