எஞ்சினை இறக்குவது கட்டுக்கதையாம்!

பழையஸ்பானர்:
இன்னொரு இழையில் பறக்கும்தட்டு என்ற அன்பர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “பழைய ஃபெராரி வைத்திருந்தால் சொத்து கரைந்துவிடும் என்பதெல்லாம் பூச்சாண்டி. டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்கணும் என்பது வாங்க வக்கில்லாதவர்கள் கட்டிவிட்ட கதை.”

சரி, நான் வக்கில்லாதவன்தான். பதினொரு வருடம் அந்த எஞ்சின்களை இறக்கி ஏற்றிய வக்கில்லாதவன். டைமிங் பெல்ட் என்பது வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை. எஃப்355 என்ற ஃபெராரியில் எஞ்சின் நீளவாக்கில் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பெல்ட் இருக்கும் முகம் சீட்டுப் பக்கச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் சீப்பு கூட நுழையாது. அன்பர் எந்த வழியாகக் கையை விட்டு மாற்றினார் என்று சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

பறக்கும்தட்டு:
வந்துவிட்டார் வாத்தியார். ஐயா, நான் கண்ணால் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி. கழற்றினால் பெல்ட் எதிரே நிற்கிறது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டுக்கதை என்றால் கட்டுக்கதைதான்.

சாலைக்குருவி:
ஒரு நிமிடம். இரண்டு பேரும் பேசுவது ஒரே மாடல்தானா?

பழையஸ்பானர்:
மூடியாம்! எஃப்355-இல் மூடியாம்! டிக்கியைத் திறந்துவிட்டு எஞ்சினைப் பார்த்தேன் என்கிறாரோ என்னவோ.

எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கூலன்ட், ஆயில் எல்லாவற்றையும் வடிக்க வேண்டும். பிறகு ஒயர் சாக்கெட்டுகள், குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே என்று டேப் ஒட்டி எழுத வேண்டும். கடைசியில் காரை லிஃப்டில் மேலே தூக்கினால் எஞ்சின், கியர் பெட்டி, பின் சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே சட்டகத்தோடு கீழே மேஜையில் நிற்கும். மேலே தொங்கும் கார் வயிறு கிழிந்த ஆடு மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்த ஒரு முதலாளி கண் கலங்கிவிட்டார், சத்தியமாக.

கூட்டல்கழித்தல்:
அவர் கண் கலங்கியது பில்லைப் பார்த்தா, காரைப் பார்த்தா?

பழையஸ்பானர்:
பில் அடுத்த வாரம்தான் போனது. இறக்கியாயிற்று என்றால் பெல்ட்டோடு நிற்காது. டென்ஷனர் பேரிங் மாற்று, வாட்டர் பம்பைப் பார், ஹோஸ் பழசாகியிருக்கிறது, சைலன்சர் பக்கம் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். 355-க்கு மேனிஃபோல்டு வெடிப்பது பரம்பரை வியாதி. இதையெல்லாம் தள்ளிப் போட்டால் மறுபடி எஞ்சினை இறக்க வேண்டும். பெல்ட்டை விட்டு வைத்து அது அறுந்தால் இன்னும் மோசம். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 40. பிஸ்டன் வந்து வால்வுகளை முட்டி வளைத்துவிடும். அப்போது பூச்சாண்டி யார் என்று தெரியும்.

பறக்கும்தட்டு:
கேட்டதற்குப் பதில் இல்லை, கதை மட்டும் நீளம். மூடி இருக்கிறதா இல்லையா?

எட்டாயிரம்சுற்று:
இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் 1990-லேயே ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தது. அலுமினிய உடல், நடுவில் வி6, நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை அலுங்காமல் ஏறும். ஜப்பானின் சுசுகா பந்தயத் தளத்தில் எஃப்1 வீரர் அயர்ட்டன் சென்னா ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன கார். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். எஞ்சினை இறக்காமலே பெல்ட் மாற்றலாம்.

மஞ்சள்காளை:
ஹோண்டாவெல்லாம் இந்த இழையில் வருமா? நடுவில் எஞ்சின் வைத்தால் எல்லாம் சூப்பர்காரா? அப்படியானால் ஆட்டோவுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாயிரம்சுற்று:
உங்கள் காளையின் கிளட்ச் எத்தனை நாள் வருகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் ஆட்டோவுக்கு வருவோம். லம்போர்கினி கயார்டோவின் இ-கியரை, அதாவது கிளட்ச் மிதி இல்லாத கியரை, நெரிசலில் நகர்த்தி நகர்த்திப் போனால் கிளட்ச் கருகும் வாசனை ஏசி வழியாக உள்ளே வரும்.

மஞ்சள்காளை:
ஓட்டத் தெரியாதவன் ஓட்டினால் எந்தக் கிளட்சும் கருகும். நெரிசலில் ஊர்ந்து போகாமல், இடைவெளி விட்டு நின்று சேர்ந்தாற்போல் நகர்த்த வேண்டும். அது தெரியாமல் வாங்கிவிட்டு அழுவது யார் தப்பு? லம்போர்கினி பிறந்ததே கிளட்ச் சண்டையில்தான் என்று சொல்வார்கள். டிராக்டர் முதலாளி ஃபெருச்சியோ லம்போர்கினி, தன் ஃபெராரியின் கிளட்ச் சரியில்லை என்று ஃபெராரி முதலாளி என்ஸோவிடம் போய்ச் சொல்ல, அவர் மட்டம் தட்ட, 1963-இல் இவர் தனிக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். ரோஷம் என்றால் அது.

பழையஸ்பானர்:
கிளட்சுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: எஞ்சினை இறக்காமல் எப்படி மாற்றினார்?

கூட்டல்கழித்தல்:
எல்லோரும் பெல்ட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பெல்ட் சில வருடங்களுக்கு ஒரு தடவை வரும் செலவு. காப்பீடு வருடா வருடம். டயர் ஓட்டாவிட்டாலும் கிழடாகிறது. பட்டனில் ஆழம் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். பேட்டரிக்கு எப்போதும் சார்ஜர் மாட்டி வைக்க வேண்டும். கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள் மாற்ற நேர்ந்தால் அந்தப் பணத்தில் ஒரு குடும்பக் கார் வாங்கலாம். இவ்வளவுக்கும் வருடத்தில் ஓடுவது சில நூறு கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு தடவையாவது வகுத்துப் பாருங்கள்.

பழையஸ்பானர்:
போன மாதம் பிரேக் தட்டு இழையிலும் இதே கணக்கைப் போட்டு, தட்டின் எடையைத் தப்பாக எழுதிவிட்டு, திருத்தியதும் ஒரு வாரம் காணாமல் போனவர் நீங்கள்தானே?

கூட்டல்கழித்தல்:
அது தட்டச்சுப் பிழை. இதுவரை நான்கு இடத்தில் விளக்கிவிட்டேன். நான் காணாமல் போனது மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கு.

பறக்கும்தட்டு:
நண்பரே, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்பவன் பஸ்ஸில் போகட்டும். இந்தக் கார்களைக் கணக்குக்காகவா வாங்குகிறோம்? இரும்புத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் லீவர் நகரும் கேட் கியரில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளும்போது அந்த இரும்புச் சத்தம், டக்-டக் என்று... அதற்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டா?

பழையஸ்பானர்:
இதில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் அன்பர் அந்தக் கியரைத் தொட்டதில்லை என்று தோன்றுகிறது. தொட்டிருந்தால் முதலில் இரண்டாவது கியரைத்தான் சொல்லியிருப்பார். ஆயில் சூடாகாதவரை இரண்டாவது விழாது. முதலிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போவோம், பத்து நிமிடம் அப்படியே ஓட்டுவோம். அப்புறம் ஒரு வளைவில் தன்னால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த நொடியில்தான் சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு வரும். உங்களுக்கு அந்தக் கார் யாருடையது?

பறக்கும்தட்டு:
அது உங்களுக்குத் தேவையில்லாதது.

மஞ்சள்காளை:
மச்சானுடையது என்று போன தீபாவளிக்கு எழுதியிருந்தீர்களே. ஞாபகம் இருக்கிறது.

பறக்கும்தட்டு:
மச்சானுடையது என்றால் நான் ஓட்டியதில்லை என்று அர்த்தமா? எத்தனை தடவை ஓட்டியிருக்கிறேன்.

சாலைக்குருவி:
மறுபடி கேட்கிறேன். மச்சானுடைய கார் 360 மொடேனாவா? ஏனென்றால் 1999-இல் 360 வந்தபோதுதான் சீட்டுக்குப் பின்னால் அந்த மூடியை வைத்தார்கள். அதில் எஞ்சினை இறக்க வேண்டாம். அதற்கு முந்தைய 355-இல் இறக்க வேண்டும். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின். இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

எட்டாயிரம்சுற்று:
என்எஸ்எக்ஸுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.

பழையஸ்பானர்:
இவர் எழுதியது “பழைய ஃபெராரி” என்று. 360-ஐ யார் பழைய ஃபெராரி என்பார்கள்? அது நேற்று வந்த கார். பழைய ஃபெராரி என்றால் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். டெஸ்டரோஸா இறக்க வேண்டும், 348 இறக்க வேண்டும், 355 இறக்க வேண்டும்.

கூட்டல்கழித்தல்:
308, 328? அவை இன்னும் பழசு. எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும், இறக்காமலே பெல்ட் மாற்றுகிறார்கள். வாத்தியார் அதை மறந்துவிட்டார். தட்டச்சுப் பிழையோ?

பழையஸ்பானர்:
மறக்கவில்லை. பேச்சு அதைப் பற்றி இல்லை.

பறக்கும்தட்டு:
ஆக, இறக்காமல் மாற்றலாம் என்று ஒத்துக்கொண்டாயிற்று. நான் சொன்னது ஜெயித்தது. இதுவே இந்த இழையில் என் கடைசிப் பதிவு.

பழையஸ்பானர்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? கட்டுக்கதை என்று எழுதியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். என் முதுகுவலிக்கு அந்தக் கட்டுக்கதைதான் காரணம்.

மஞ்சள்காளை:
புகாட்டி வேய்ரான் வைத்திருப்பவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மணிக்கு 407 கிலோமீட்டரில் அழுத்திப் பிடித்தால் 100 லிட்டர் டேங்க் கால் மணி நேரம் கூட வராது என்பார்கள். நீங்கள் ஒரு ரப்பர் பெல்ட்டுக்கு இவ்வளவு சண்டை.

எட்டாயிரம்சுற்று:
அதை அழுத்திப் பிடிக்கச் சாலை எங்கே இருக்கிறது? வாங்குபவன் வீட்டு ஷெட்டுக்குள்ளேயா?

கூட்டல்கழித்தல்:
அதுதான் நான் சொல்வதும். ஷெட்டுக்குள் நிற்பதற்குத்தான் இவ்வளவு காசு. புதிதாக வாங்குபவனுக்காவது ஃபெராரி கம்பெனியே ஏழு வருடம் வழக்கமான சர்வீஸ் செய்து தருகிறது. பழசு வாங்குபவன் அப்பாவி.

மஞ்சள்காளை:
ஷெட்டுக்குள் நின்றால் என்ன? ஃபெராரி எஃப்40 வாங்கி ஷெட்டில் விட்டவன் இன்று ராஜா. 1987-இல் வந்தது, மொத்தமே 1,311தான். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது எந்தப் பக்கம் வரும்?

கூட்டல்கழித்தல்:
எஃப்40 வாங்கியவனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நாலு கை மாறிய காரை வாங்கி, சர்வீஸ் சீட்டு இல்லாமல் விற்கவும் முடியாமல் நிற்பவனைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

புதுவரவு:
வணக்கம். எனக்கு ஒரு 355 பார்த்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு, மேனுவல் கியர். விலை கொஞ்சம் குறைவாகத்தான் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பழையஸ்பானர்:
பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது? சர்வீஸ் சீட்டு இருக்கிறதா?

புதுவரவு:
மாற்றியாயிற்று என்று வாய்ச்சொல்தான். சீட்டு இல்லை. எஞ்சினை இறக்காமலே மாற்றினார்களாம்.

பறக்கும்தட்டு:
பார்த்தீர்களா!

பழையஸ்பானர்:
தம்பி, அந்த ஆள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

பறக்கும்தட்டு:
ஏன், மூடி எங்கே இருக்கிறது என்று கேட்கவா?