செம்மறிப் பட்டியில் கியூலிகாய்டஸ் பூச்சிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் பகுதிச் செம்மறிகளில் நீலநாக்கு என்னும் வைரஸ் நோய் தலைகாட்டுகிறது. வாயும் மூக்கும் புண்ணாகி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து, நடக்கமாட்டாமல் ஆடுகள் படுத்துவிடுவதைக் காணப் பொறுக்கவில்லை. இந்நோயைப் பரப்பும் கியூலிகாய்டஸ் பூச்சிகளை இம்முறை மழைக்கு முன்பிருந்தே பிடித்து இனம்பிரிக்க எண்ணி, இரண்டு இரவுகள் விளக்குப்பொறி வைத்தேன். அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் குவளையை நிறைத்து, எனக்கு வேண்டியவை நசுங்கிக் கிடந்தன. என்ன தவறு செய்தேன்?

மறுமொழி 1:
ஐயா, பொறியின் வாயைச் சுற்றி ஏறக்குறைய 2 மி.மீ. கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். கியூலிகாய்டஸ் 1 முதல் 3 மி.மீ. வரை மட்டுமே நீளமுள்ளது என்பதால் அது நுழைந்துவிடும், பெரிய பூச்சிகள் வெளியே நின்றுவிடும். புறஊதா விளக்கும் இழுவிசிறியும் உள்ள பொறியை ஆடுகள் அடையும் இடத்தை ஒட்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, அந்தி முதல் விடியும்வரை ஓடவிடுங்கள். அருகில் வேறு விளக்கு எரியக்கூடாது. குவளையில் ஒரு துளி சோப்புக் கலந்த நீர் போதும். காலையில் வடிகட்டி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். பலத்த காற்று வீசும் இரவிலும் முழுநிலவன்றும் பிடிபடுவது குறையும் என்பதால் அந்த எண்ணிக்கையை மற்ற இரவுகளோடு ஒப்பிட வேண்டாம்.

மறுமொழி 2:
பிடிப்பதைவிட இனம்பிரிப்பதில்தான் பொறுமை வேண்டும். முதலில் இறக்கையிலுள்ள வெளிர், கரும் புள்ளிகளின் அமைப்பைப் பாருங்கள். இமிகோலா, ஆக்சிஸ்டோமா, பெரெக்ரினஸ் ஆகிய கியூலிகாய்டஸ் இனங்களைப் பழகிய கண் பெரும்பாலும் இதைக்கொண்டே பிரித்துவிடும். ஐயம் எழுந்தால் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து உணர்கொம்பையும், பெண் பூச்சி விந்தைச் சேமித்துவைக்கும் விந்துப்பைகளையும் பார்க்க வேண்டும், அல்லது டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கடிப்பவை பெண் பூச்சிகளே. அவற்றிலும் ஒருமுறையேனும் இரத்தம் குடித்து முட்டையிட்டவற்றின் வயிற்றில் கருஞ்சிவப்பு நிறமி படிந்திருக்கும். வைரஸைக் கடத்தும் வாய்ப்புள்ளவை அவைதாம். வைரஸ் தேடுவதாயின், வயிறு நிறைய இரத்தத்தோடு இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் அங்கே தென்படுவது ஆட்டின் இரத்தத்தில் இருந்த வைரஸாகவே இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நான் மொத்தத் தொகையை மட்டுமே குறித்துவந்தேன். இவை எங்கே பெருகுகின்றன என்றும் சொல்ல முடியுமா?

மறுமொழி 2:
தண்ணீர்த் தொட்டி வழிந்து சாணமும் புழுக்கையும் கலந்த ஈரச் சேற்றை முதலில் தேடுங்கள். அந்தச் சேற்றில் கையளவு எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிய வாளியில் சில வாரம் வைத்தால், அங்கேயே வளர்ந்து வெளிவரும் பூச்சிகளைப் பார்த்துவிடலாம்.