இங்கிலாந்துக் கிராமங்களின் போர் நினைவிடங்கள்: யார் பெயரைச் செதுக்குவது? சில அனுபவங்கள்

இங்கிலாந்துக் கிராமங்கள் போரில் இறந்தவர்களை எப்படி நினைவுகூர்கின்றன என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பிராக்கன்ஹர்ஸ்ட் பற்றி இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஹாம்ப்ஷையரில் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் இருக்கும் ஊர் அது. குதிரைகள் தெருவோரம் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ஊருக்குச் சற்று வெளியே ஒரு மேட்டில் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயமும், அதன் பக்கத்தில் ஆயிரம் ஆண்டு தாண்டியதாகச் சொல்லப்படும் யூ மரமும் இருக்கின்றன. முதல் உலகப்போரில் பிரான்ஸில் காயம்பட்டவர்களைக் கப்பலில் சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து ரயிலில் வர வசதியான ஊர் என்பதால், இந்தியச் சிப்பாய்களுக்கான லேடி ஹார்டிஞ் மருத்துவமனை இங்கே அமைந்தது. இந்தியக் காலாட்படை பிரான்ஸை விட்டுப் போன பிறகு, 1916-இல் நியூசிலாந்துக்காரர்களின் மருத்துவமனை வந்தது. 93 நியூசிலாந்து வீரர்கள் அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கிடக்கிறார்கள். அவர்களுக்காக ஆண்டுதோறும் ஏப்ரலில் அன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) நினைவு வழிபாடு நடக்கிறது. இந்திய மருத்துவமனையின் ஞாபகமாக ஊரில் மீரட் ரோடு என்றே ஒரு தெரு உண்டு.

நான் போனது சுகா என்பவரின் கல்லைப் பார்க்க. அவர் சிப்பாய் அல்ல. உத்தரப்பிரதேசத்தின் பரேலியிலிருந்து வந்து அந்த மருத்துவமனையில் வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி. 1915 ஜனவரி 12 அன்று இறந்தார். வயது 30. அவர் சமூகத்தில் இறந்தவரைப் புதைப்பதுதான் வழக்கமாம். வோக்கிங் மசூதியைக் கேட்டார்கள். அவர் முஸ்லிம் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். இந்துக்களும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை, தீண்டத்தகாதவர் என்பதால். கடைசியில் இந்த ஊர்ப் பாதிரியார், எங்கள் தேவாலயத் தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறோம் என்று முன்வந்தார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கல் எழுப்பியது ஊர்மக்கள். அதைக் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். எந்த ஊர், எந்த மொஹல்லா (பேட்டை) என்பது வரை இருக்கிறது. சமயத்தால் அவர் கிறிஸ்தவர் அல்லர், ஆனால் பிறருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவர் என்றும் எழுதியிருக்கிறது.

அரசருக்கும் பேரரசுக்கும் ஊழியம் செய்த எளிய பணியாள் என்றும் அதே கல் சொல்கிறது. அந்தத் தொனி எனக்கு உறுத்தத்தான் செய்தது. பேரரசுக்காக உயிரை விடவா பரேலியிலிருந்து ஒருவர் புறப்பட்டிருப்பார்? கூலிக்காக வந்திருப்பார். ஆனால் அந்தக் கல்லுக்குப் பணம் போட்டவர்கள் போர்க்காலத்தில் வாழ்ந்த ஒரு காட்டுக் கிராமத்து மக்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்போது போர்முனையில்தான் இருந்தார்கள்.

நான் கல்லைப் படித்துக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்ய வந்த ஒரு மூதாட்டி பக்கத்தில் வந்து நின்றார். நான் இந்தியன் என்று தெரிந்ததும், அவர் ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க நினைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "அவருடைய சொந்த நாட்டுக்காரர்களே ஏன் அவரை வேண்டாம் என்றார்கள்?" சாதி என்றால் என்ன என்று ஒரு கல்லறையின் முன்னால் நின்று விளக்க வேண்டியிருந்தது. மலம் அள்ளுகிறவர் தொட்டால் தீட்டு, செத்த பிறகும் தீட்டு என்றேன். "இப்போதும் அப்படியா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இன்றும் பல ஊர்களில் சுடுகாடு தனித்தனி, பிணத்தைக் கொண்டுபோகும் பாதைக்கே தகராறு வருகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பூக்களில் சிலவற்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் சுகாவுக்கு வைத்தேன்.

நம் ஆட்கள் நியூ ஃபாரஸ்டுக்கு நிறையப் பேர் சுற்றுலா போகிறார்கள். குதிரைகளோடு படம் எடுத்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். தேவாலயம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

*

அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு ஷோர்ஹாம் ஞாபகம் வந்தது. கென்ட்டில் டேரன்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். அங்கே நடந்தது நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர்.

தாமஸ் ஹைகேட் அந்த ஊரில் பிறந்தவர். 1914 செப்டம்பரில், போர் தொடங்கி ஐந்து வாரத்துக்குள், படையைவிட்டு ஓடியதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் போரில் அப்படிக் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவர்தான். வயது 19. பெல்ஜியத்தின் மோன்ஸிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிய குழப்பத்துக்குப் பிறகு, சாதாரண உடையில் ஒரு கொட்டகையில் ஒளிந்திருந்தவரைப் பிடித்தார்கள். விசாரணையில் அவர் தரப்பில் வாதாட ஒருவர்கூட இல்லை. தண்டனையைச் சொன்னதற்கும் சுட்டதற்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இல்லை.

2000-இல் ஊரின் நினைவுப் பலகையை மாற்றியபோது அவர் பெயரைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. வேண்டாம் என்று பாரிஷ் கவுன்சில் (நம் ஊராட்சி மன்றம் மாதிரி) முடிவெடுத்தது. ஆனால் பிற்காலத்தில் ஊர் மனம் மாறினால் சேர்த்துக்கொள்ளட்டும் என்று பலகையில் இடம் விட்டார்கள். 2006-இல் அரசாங்கமே சட்டம் போட்டு, இப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு அளித்தது. அதில் ஹைகேட்டும் ஒருவர்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னுடன் வேலை பார்த்தார். பெயரைச் சேர்க்கக் கூடாது என்ற கட்சி அவர். என் தாத்தாவின் அண்ணனும் பயந்துதான் இருப்பார், ஆனாலும் நின்றார், செத்தார், அவருக்கு என்ன பதில் என்று கேட்டார். நான் அவரோடு வாதாடினேன், இன்றும் வாதாடுவேன். பத்தொன்பது வயதுப் பையனை நாலு வார்த்தை பேசவிடாமல் கொன்றது நியாயமே இல்லை. ஆனால் அவருடைய கோபம் பொய் இல்லை. பெயர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுப் பெயர்களாக இருக்கிற ஊரில் இது வரலாற்று விவாதமாக இருக்காது, குடும்பச் சண்டையாகத்தான் இருக்கும்.

*

நான் பார்த்தது பெயரே செதுக்கத் தேவைப்படாத ஊர். கிளாஸ்டர்ஷையரில் அப்பர் ஸ்லாட்டர். முதல் போருக்குப் போனவர்கள் 24 ஆண்கள், ஒரு பெண். எல்லோரும் திரும்பி வந்தார்கள். இரண்டாம் போருக்குப் போன 36 பேரும் திரும்பினார்கள். 1944-இல் ஊர்மேலேயே குண்டு விழுந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இப்படித் தப்பிய ஊர்களை அங்கே 'நன்றியுள்ள கிராமங்கள்' என்கிறார்கள். முதல் போரில் ஒருவரையும் இழக்காத ஊர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கத் தேடியும் ஐம்பதுக்குச் சற்று மேல்தான் தேறுகின்றன. இரண்டு போரிலும் தப்பியவை அதிலும் சொற்பம். மற்ற ஊர்களில் இருப்பதுபோல், இறந்தவர் பெயர் செதுக்கிய கற்சிலுவை எதுவும் நடுத்தெருவில் இல்லை. ஊர்மன்றத்துக்குள் இரண்டு மரப்பலகைகள், அவ்வளவுதான். பக்கத்து ஊர்களில் சிலுவையைச் சுற்றிப் பிள்ளையை இழந்த தாய்மார்கள் நின்றிருப்பார்கள். இந்த ஊர்த் தாய்மார்கள் அவர்கள் முகத்தில் எப்படி விழித்தார்களோ?

*

நான் லிங்கன்ஷையரில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பாரிஷ் கவுன்சில் உறுப்பினர். நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் போர் நினைவுச் சிலுவை முன் ஊரே கூடும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம், பியூகிள் ஊதுவார்கள், இரண்டு நிமிட மௌனம், அப்புறம் போரில் இறந்தவர்கள் நினைவாகச் சிவப்புப் பாப்பிப் பூ வளையங்கள். எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதேதான்.

இந்தக் கற்கள் எழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். போரில் இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-இலேயே தடை வந்துவிட்டது. எடுத்துப்போட உடலும் இல்லை, போய் அழக் கல்லறையும் இல்லை. பிரான்ஸுக்குப் போய்ப் பார்த்துவர எத்தனை பண்ணைக்கூலிக் குடும்பங்களால் முடியும்? அதனால்தான் ஊர் ஊராக வசூல் செய்து கல் வைத்தார்கள். யார் பெயர் சேரும் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. உள்ளூர்க் குழுதான் தீர்மானித்தது. மகன் காணாமல் போனவன்தான், சாகவில்லை என்று நம்பிப் பெயர் தர மறுத்த பெற்றோர்களும் இருந்தார்கள்.

இப்போது எங்கள் முன் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நச்சுவாயுவில் நுரையீரல் கெட்டு வீடு திரும்பி, 1922-இல் இறந்த ஒருவர். போரில் இறந்தவர்கள் என்று போர்க் கல்லறை ஆணையம் எடுக்கும் கணக்கு 1921 ஆகஸ்ட் 31-ஓடு முடிகிறது. எங்கள் சிலுவையோ 1920-இலேயே நட்டது. இரண்டிலும் அவருக்கு இடமில்லை. பேத்தி மருத்துவச் சான்றுகளையும் ஓய்வூதியத் தாள்களையும் திரட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெயரைச் சேர்த்தால் எங்கே நிறுத்துவது என்று சிலர் தயங்குகிறார்கள். ஆணையத்தின் தேதி ஆணையத்துக்குத்தான், எங்கள் ஊர்க் கல்லுக்கு இல்லை என்பது என் கட்சி. செதுக்குவதற்கான செலவுக்கு மதிப்பீடு வாங்கியாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. சுகாவின் கதையை அங்கே சொல்லப்போகிறேன்.