காரைக்குடியில் காலை நேர வெள்ளைப் பணியாரம், டீ: கடை சொல்லுங்க

காரைக்குடிக்காரங்க கொஞ்சம் உதவுங்க. சனிக்கிழமை விடியற்காலை வந்து இறங்கி, 8 மணிக்குள்ள நடந்தே சாப்பிட்டுப் பார்க்கத் திட்டம். செக்காலை ரோடு, கொப்புடையம்மன் கோயில் பக்கம் எந்தக் கடை?

முக்கியமா வெள்ளைப் பணியாரம். சாயங்காலக் கடைகள் வேண்டாம். ஆழாக்கு நிறையப் பச்சரிசி, அது மேலேயே கோபுரமா உளுந்து, 2 மணி நேரம் ஊறல், நைசா அரைச்சதும் உடனே எண்ணெயில் ஊத்தணும். புளிச்ச மாவுன்னா சிவந்துபோய் எண்ணெய் குடிக்கும். மாவு கெட்டியா இருந்தா உள்ளே வேகாது. நீர்த்துட்டா உப்பாம தட்டையாப் பரவிடும். அதனால முந்தின நாள் மாவை ஃப்ரிட்ஜில் வெச்சு ஊத்துற கடைன்னா தயவுசெஞ்சு சொல்லிடுங்க. கூட வரமிளகாய்த் துவையல் கிடைக்குமா? தேங்காய்ச் சட்னி எனக்கு இதுக்குச் சேராது.

டீக்கு பாய்லர் கடை போதும். ஆனா பையில கிடக்கிற பழைய தூள் மேலேயே வெந்நீர் ஊத்திட்டே இருந்தா கசப்புதான் இறங்கும். தூளை அடிக்கடி மாத்துற கடை எது? பாலைக் காலையில் புதுசாக் காய்ச்சுறாங்களா?

கந்தரப்பம் (செட்டிநாட்டு இனிப்புப் பலகாரம்) காலையில் கிடைச்சா அதையும் சொல்லுங்க. தெரு, திறக்கிற நேரம், வார லீவு மூணும் எழுதினா அலைய வேண்டாம்.